அக்கரையில் உழைப்பு, இக்கரையில் வீடு

சிவில் மூன்றாம் ஆண்டு மாணவி

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லி வைக்கவில்லை. தினமும் காலையில் போய் நின்று, சாந்து கலப்பதைக் கண்ணால் பார்த்துக் கட்டுகிறவர்களுக்கே தலை சுற்றும். அப்படியிருக்க, கடல் தாண்டி வேறொரு நாட்டில் இருந்து கொண்டு, மண்ணையும் பார்க்காமல் மேஸ்திரியையும் பார்க்காமல் மனை வாங்கி வீடு கட்டுகிறவர்களின் பாடு எப்படி இருக்கும்? எங்கள் வீட்டில் அந்தப் பாட்டைப் பட்டோம், இன்னும் பட்டுக் கொண்டிருக்கிறோம். அதனால்தான் மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, கவிதை எழுதத் தெரியாத நான் இதை எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

எங்கள் ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். அப்பா சிங்கப்பூரில் கம்பி கட்டும் வேலை பார்க்கிறார். 2004-ல் போனவர். இடையிடையே லீவில் வந்து போனதெல்லாம் கூட்டினால் ஒன்றரை வருடம் தேறுமா என்பது சந்தேகம். எத்தனையோ மாடிக் கட்டடங்களுக்குக் கம்பி கட்டியிருக்கிறார். ஆனால் 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்தபோது எங்கள் ஓட்டு வீட்டில் ஒரு ஓடு கூட மிஞ்சவில்லை. நான் அப்போது ஆறாம் வகுப்பு. தென்னை மரங்கள் எல்லாம் சாய்ந்து, கரண்ட் போய், போனும் இல்லை. நாங்கள் உயிரோடு இருக்கிறோமா என்பது அப்பாவுக்கு மூன்றாவது நாள்தான் தெரிந்தது. அன்றைக்குப் போனில் அவர் சொன்னது ஒரே வார்த்தைதான்: "காங்கிரீட் வீடு கட்டிட்டுத்தான் நான் ஊருக்கு வருவேன்."

வீடுதான் பென்ஷன்

வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் என்றால் பணக்காரர் என்று ஊரில் நினைக்கிறார்கள். சிங்கப்பூரில் ஒர்க் பர்மிட்டில் இருக்கும் தொழிலாளிக்கு மத்திய சேமநிதி கிடையாது. அது அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான். வேலை முடிந்தால் பர்மிட்டும் முடியும், பென்ஷன் என்று ஒன்றும் வராது. அங்கேயே ஒரு வீடு வாங்கித் தங்கிவிடலாம் என்றாலும் முடியாது. அரசாங்கத்தின் வீவக அடுக்குமாடி வீடுகள் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியவை. தரைவீடு வாங்க வெளிநாட்டார் அரசின் அனுமதி பெற வேண்டும். கம்பி கட்டுகிறவருக்கு அந்தப் பேச்சே இல்லை. ஆகவே இவர்கள் வயதான காலத்தில் தலை சாய்க்கும் இடம் சொந்த ஊர்தான். கட்டுகிற வீடுதான் அவர்களுக்குப் பென்ஷன். அதில் ஏமாந்தால் இன்னொரு இருபது வருடம் உழைத்துச் சம்பாதிக்க உடம்பு இடம் கொடுக்காது.

முதல் கேள்வி: சட்டம் விடுமா?

எந்த நாட்டில் மனை வாங்குவதாக இருந்தாலும் விலையைக் கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, "நான் வாங்கலாமா?" என்பதுதான். நாட்டுக்கு நாடு பதில் மாறும். தாய்லாந்தில் வெளிநாட்டார் பொதுவாக நிலம் வாங்க முடியாது. 30 வருடக் குத்தகைக்கு எடுக்கலாம். இலங்கையில் 2014-ல் வந்த சட்டம் வெளிநாட்டாருக்கு நிலத்தை விற்பதைத் தடை செய்து, 99 வருடம் வரை குத்தகைக்கு வழி விட்டது.

நம் நாட்டிலும் இதற்குச் சட்டம் உண்டு. வெளிநாட்டில் வசிக்கும் இந்தியக் குடிமகனும் சரி, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்று ஓ.சி.ஐ. அட்டை வைத்திருக்கும் இந்திய வம்சாவளியினரும் சரி, வீடும் வீட்டு மனையும் கடையும் வாங்கலாம். ஆனால் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்கக் கூடாது. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் 1999-ன் கீழ் வரும் விதி இது. பூர்வீகமாக வாரிசு முறையில் வருவது வேறு விஷயம். விலை கொடுத்து வாங்கக் கூடாது என்பதுதான் கட்டுப்பாடு. எங்கள் ஊர்ப் பக்கம் இது பத்தில் ஒருவருக்குக் கூடத் தெரியாது. எங்களுக்கும் தெரியாது. அதனால் வந்த நஷ்டத்தை இப்போது சொல்கிறேன்.

நாங்கள் ஏமாந்த கதை

2022-ல் ஒரு தரகர் வந்தார். ரோட்டோரம் வரிசையாகக் கல் நட்டு, கலர் பெயிண்ட் அடித்திருந்த இடத்தைக் காட்டினார். "இன்னும் ரெண்டே மனைதான் இருக்கு, நாளைக்கு வந்தா இருக்காது" என்றார். அப்பாவிடம் போனில் பேசியதும் அவரேதான். ஒரு லட்ச ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தோம். கையெழுத்துப் போட்ட ரசீது கூட வாங்கவில்லை. அம்மா மூன்றாம் வகுப்பு, நான் பத்தாம் வகுப்பு பரீட்சைக்குப் படித்துக் கொண்டிருந்தேன். வீட்டில் வேறு யாருக்குப் பத்திரம் படிக்கத் தெரியும்?

பத்திரம் எழுதப் போன இடத்தில் பத்திர எழுத்தர் வில்லங்கச் சான்றை எடுத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அந்த நிலம் முழுவதும் ஒரு கடனுக்கு அடமானத்தில் இருந்தது. கடன் தீர்ந்ததற்கான ரசீது பதிவாகவில்லை. பட்டாவிலோ 'நஞ்சை' என்று இருந்தது. மனைப்பிரிவுக்கு அனுமதியும் வாங்கவில்லை. மொத்தத்தில் அது மனையே அல்ல, கல் நட்ட வயல்! தரகரின் பின்னால் ஆறு மாதம் அலைந்து நாற்பதாயிரம் திரும்பி வந்தது. மீதி அறுபதாயிரம் இன்று வரை வரவில்லை. அப்பா எங்களைத் திட்டவில்லை. "நம்ம வீட்ல ஒருத்தராச்சும் படிச்சிருந்தா அந்தக் காகிதத்தை முன்னாடியே படிச்சிருக்கலாம்ல" என்று மட்டும் சொன்னார். நான் பாலிடெக்னிக்கில் சிவில் எடுத்ததற்கு மதிப்பெண் ஒரு காரணம், அந்த வார்த்தை இன்னொரு காரணம்.

காகிதங்களைப் படிப்பது எப்படி?

நண்பர்களே, இந்தப் பகுதியைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நாளைக்கு உங்கள் வீட்டிலும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

1. மூலப்பத்திரம்: இந்த நிலம் விற்பவர் கைக்கு எப்படி வந்தது என்று சொல்லும் பழைய பத்திரங்கள். சங்கிலிக் கண்ணி போல ஒன்றிலிருந்து ஒன்று தொடர்ந்து வர வேண்டும். நடுவில் ஒரு கண்ணி விட்டுப் போனால், யாரோ ஒரு பங்காளி பின்னால் வந்து நிற்பார். ஜெராக்ஸைப் பார்த்துத் திருப்தி அடையக் கூடாது. அசலைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். "அசல் பெட்டியில் இருக்கு, அப்புறம் தர்றேன்" என்றால், அது பெட்டியில் இல்லாமல் யாரிடமோ அடமானத்தில் இருக்கலாம்.

2. வில்லங்கச் சான்று: அந்த நிலத்தின் மீது பதிவான விற்பனை, அடமானம், தானம், பாகப்பிரிவினை எல்லாம் வரிசையாக இருக்கும். குறைந்தது 30 வருடத்துக்குப் பார்ப்பது நல்லது. பதிவுத்துறையின் இணையதளத்திலேயே காசில்லாமல் பார்க்கலாம். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள்: பதிவு செய்யாத எதுவும் இதில் வராது. வாய் வழியாகப் பிரித்துக் கொண்ட பங்கும் வராது, வாரிசுச் சண்டையும் வராது. ஆகவே நிலத்துக்கே போய் அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டும். டீக்கடையில் கிடைக்கும் தகவல் சில சமயம் எந்தச் சான்றிலும் கிடைக்காது.

3. பட்டா, அ-பதிவேடு, புலப்படம்: பட்டா வருவாய்த்துறையின் பதிவு. நிலம் யார் பெயரில் இருக்கிறது, நஞ்சையா புஞ்சையா என்று அதில் இருக்கும். புலப்படத்தில் நிலத்தின் வடிவமும் அளவும் இருக்கும். நீர்நிலைப் புறம்போக்கு, கோயில் நிலம், பட்டியல் இன மக்களுக்காக ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் ஆகியவற்றை யாராவது விற்க வந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் ஒதுங்கிப் போய்விடுங்கள். பட்டாவில் அளவு ஹெக்டேர், ஏர் என்று வரும். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 2.47 சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. இந்தக் கணக்கு தெரியாமல்தான் பலர் தரகர் சொன்னதை நம்புகிறார்கள்.

4. மனைப்பிரிவு அனுமதி: 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் அனுமதியில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப்பிரிவுகளை வரன்முறை செய்ய 2017-ல் விதிகள் வந்தன. ஆகவே நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி எண்ணும் ஒப்புதல் வரைபடமும் கேட்டு வாங்க வேண்டும். மனைப்பிரிவு 500 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால், 2016-ம் வருடத்து ரியல் எஸ்டேட் சட்டப்படி விற்பதற்கு முன்பே அதைப் பதிவு செய்திருக்க வேண்டும். அந்த எண்ணையும் கேளுங்கள்.

டேப் சொன்ன உண்மை

இரண்டாவது மனையை 2025 ஜனவரியில் பார்த்தோம். அனுமதி பெற்ற மனைப்பிரிவு. மூலப்பத்திரம் சரி, வில்லங்கமும் சுத்தம். "45க்கு 50. 2250 சதுர அடி, சதுர அடி நானூறு ரூபாய்" என்று கணக்குச் சொன்னார்கள். அப்போது எங்களுக்கு சர்வேயிங் பாடம் நடந்து கொண்டிருந்தது. ஆசிரியரிடம் சொல்லிவிட்டு டேப்பை எடுத்துக் கொண்டு, தோழி ஒருத்தியையும் கூட்டிப் போனேன்.

நாலு பக்கமும் அளந்தோம். 45, 50, 45, 50 அடி. சரியாகத்தான் இருந்தது. ஆனால் நாலு பக்கம் மட்டும் தெரிந்தால் நாற்கரத்தின் பரப்பு தெரிந்துவிடாது! தீப்பெட்டியின் மேல்கூட்டை எடுத்து ஒரு பக்கமாக அமுக்கிப் பாருங்கள். பக்கங்களின் நீளம் மாறாது, உள்ளே இருக்கும் இடம் மட்டும் குறைந்து கொண்டே போகும். அதனால் மூலைவிட்டத்தையும் அளக்க வேண்டும். அளந்தோம். ஒன்று 76 அடி, இன்னொன்று 57 அடி வந்தது. செவ்வகமாக இருந்தால் இரண்டும் ஒன்றாக அல்லவா இருக்க வேண்டும்? மூலைவிட்டத்தால் மனையை இரண்டு முக்கோணமாகப் பிரித்துக் கணக்குப் போட்டால் ஒவ்வொன்றும் 1080 சதுர அடி. மொத்தம் 2160. ஒப்புதல் வரைபடத்திலும் 2160 என்றே போட்டிருந்தது. வாயால் சொன்னதில்தான் 90 சதுர அடி கூடியிருந்தது. நானூறு ரூபாய் வீதம் 36,000 ரூபாய்!

"சின்னப் புள்ளைக்கு என்ன தெரியும்" என்று விற்பவர் முதலில் சிரித்தார். வரைபடத்தை எடுத்து விரித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. 2160-க்குத்தான் விலை பேசினோம், 8,64,000 ரூபாய். முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம் சேர்த்து 77,760 ரூபாய் ஆனது. பலர் மனை விலையை மட்டும் கணக்கில் வைத்துக் கொண்டு இந்த ஒன்பது சதவீதத்தை மறந்துவிடுகிறார்கள். அரசின் வழிகாட்டி மதிப்பு விலையைவிட அதிகமாக இருந்தால் அந்த மதிப்பின் மீதே கட்ட வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அப்பா வராமல் பதிவு எப்படி?

வெளிநாட்டில் இருப்பவர் ஒவ்வொரு கையெழுத்துக்கும் விமானம் ஏற முடியாது. அதற்காகத்தான் அதிகாரப் பத்திரம் இருக்கிறது. பவர் என்று ஊரில் சொல்வார்கள். இதில் இரண்டு வகை. பொது அதிகாரம் என்பது வாங்க, விற்க, அடமானம் வைக்க என எல்லாவற்றுக்கும் சேர்த்து எழுதித் தருவது. சிறப்பு அதிகாரம் என்பது ஒரு குறிப்பிட்ட வேலைக்கு மட்டும் தருவது. வீட்டுச் சாவிக்கொத்தை அப்படியே தூக்கிக் கொடுப்பதற்கும், ஒரு அறையின் சாவியை மட்டும் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. நம்பிக்கையான ஆள் என்று பொதுப் பவர் கொடுத்து, திரும்பி வந்து பார்த்தால் நிலம் வேறொருவர் பெயரில் இருக்கும் கதைகள் எங்கள் ஊரிலேயே உண்டு.

அப்பா அம்மாவுக்குச் சிறப்பு அதிகாரம் மட்டும் கொடுத்தார். இன்ன சர்வே எண், இன்ன மனை, இதை என் பெயரில் வாங்கிப் பதிவு செய்ய மட்டும் என்று தெளிவாக எழுதி, சிங்கப்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு, சான்று பெற்று அனுப்பினார். அப்படி வெளிநாட்டில் எழுதிய பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும். அதற்கு மாவட்டப் பதிவாளர் அலுவலகம் போக வேண்டும். கவரைப் பீரோவில் வைத்துவிட்டு மறந்துபோனால் சிக்கல்தான். பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பவரும் பொதுவாக முடிந்துவிடும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். "பத்திரம் அப்புறம் பாத்துக்கலாம், பவர் எழுதித் தர்றேன், இடத்தை எடுத்துக்குங்க" என்று சிலர் நிலத்தை விற்பார்கள். பவர் மூலம் விற்பதால் மட்டும் சொத்து கைமாறிவிடாது என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பதிவு செய்த கிரயப்பத்திரம்தான் உரிமை தரும்.

பணம் அனுப்பும் வழியும் முக்கியம். வெளிநாட்டிலிருந்து வரும் பணம் வங்கி வழியாகத்தான் வர வேண்டும். 'உண்டியல்' மூலம் அனுப்பினால் நாலு காசு கூடக் கிடைக்கும், வீட்டு வாசலுக்கே வரும் என்பார்கள். அது சட்டவிரோதம். அதோடு, "இந்த வீடு என் உழைப்பில் வாங்கியது" என்று நாளைக்கு நிரூபிக்க ஒரு துண்டுக் காகிதம் கூட மிஞ்சாது. அப்பாவின் பணம் முழுவதும் அவருடைய என்.ஆர்.இ. கணக்கிலிருந்து விற்பவர் கணக்குக்குப் போனது. அந்த வங்கி அறிக்கையைப் பத்திரத்தோடு சேர்த்து வைத்திருக்கிறோம்.

வயதானவர்களுக்கு எப்படிப்பட்ட வீடு?

சிங்கப்பூர்ப் பணம் என்றாலே மாடி, தூண், எலிவேஷன், கிரானைட் என்று ஆசை வரும். அப்பாவுக்கும் வந்தது. நான்தான் கேட்டேன், "அப்பா, உங்களுக்கு எழுபது வயசாகும்போது இந்த மாடிப்படி ஏறுவீங்களா?" இருபது வருடம் குனிந்து கம்பி கட்டியவருக்கு இப்போதே முழங்கால் வலி.

ஆகவே தரைத்தளத்திலேயே எல்லாம் முடியும்படி 900 சதுர அடிக்கு பிளான் போட்டேன். ஆசிரியர் திருத்திக் கொடுத்தார். படுக்கையறையை ஒட்டியே குளியலறை. கதவுகள் மூன்றடி அகலம், கழிவறைக் கதவும்தான். இல்லாவிட்டால் சக்கர நாற்காலி உள்ளே போகாது. வழுக்காத டைல்ஸ். உட்கார்ந்து எழுந்திருக்கும் வகைக் கழிவறை, சுவரில் பிடித்துக் கொள்ளக் கம்பி. அறைக்கு அறை நிலைப்படி உயரம் கிடையாது.

சரிவுப் பாதை விஷயத்தில் ஒரு பாடம் கற்றேன். ஒரு அடி உயர்வதற்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். மழைத் தண்ணீர் ஏறாமல் இருக்க பேஸ்மென்ட் இரண்டடி உயரம் வைத்தால் சரிவு 24 அடி வேண்டும்! வாசலுக்கு நேரே அவ்வளவு இடம் ஏது? வீட்டின் பக்கவாட்டில் சுவரோரமாகக் கொண்டு போனோம். இதைக் கட்டி முடித்த பிறகு யோசித்தால் சுவரைத்தான் இடிக்க வேண்டும். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயம். அதையும் பிளானிலேயே காட்டிவிட்டோம். 2024 ஜூலை முதல் 2500 சதுர அடி வரையுள்ள மனையில் 3500 சதுர அடி வரை வீடு கட்ட, சுய சான்று முறையில் இணையம் வழியே உடனடி அனுமதி கிடைக்கிறது. எங்களுக்கு அப்படித்தான் கிடைத்தது.

மேஸ்திரியும் அப்பாவும் நானும்

தூரத்தில் இருந்து கட்டுகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, மொத்தப் பணத்தையும் முன்னாலேயே கொடுப்பதுதான். பேஸ்மென்ட் முடிந்தால் இவ்வளவு, லிண்டல் மட்டத்துக்கு இவ்வளவு, ரூஃப் போட்டால் இவ்வளவு, பூச்சு முடிந்தால் இவ்வளவு என்று படிப்படியாக எழுதி, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். வேலை ஒரு படி முன்னே, பணம் ஒரு படி பின்னே வர வேண்டும்.

நாங்கள் கூலிக்கு மட்டும் ஒப்பந்தம் போட்டோம். சாமான் நாங்களே வாங்கினோம். கம்பி இறக்கும்போது எடை பார்க்க ஒரு எளிய கணக்கு உண்டு. கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும். 12 மி.மீ. கம்பி 12 மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 10.67 கிலோ. 8 மி.மீ. என்றால் 4.74 கிலோ. எண்ணிக்கையைப் பெருக்கிப் பார்த்தால் எடைச்சீட்டு உண்மையா என்று தெரிந்துவிடும்.

ரூஃப் போட்ட நாளை மறக்க முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணிக்கே மிக்சர் மெஷின் வந்துவிட்டது. எட்டு ஆள் நிற்கிறார்கள். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் என்பதால், அப்பா அறையில் கஞ்சி குடித்துவிட்டு வாட்ஸ்அப்பில் வந்தார். போனைப் பிடித்துக் கொண்டு பலகை மேல் நடந்து காட்டினேன்.

"பாப்பா, போனைக் கீழ இறக்கு. இன்னும் கீழ. கம்பி பலகையிலயே உக்காந்திருக்கு பாரு. கவர் பிளாக் எங்க?"

எனக்குச் சுருக்கென்றது. புத்தகத்தில் ஸ்லாபுக்கு 20 மி.மீ. கவர் என்று படித்து பரீட்சையில் எழுதியவள் நான்தான். கண்ணெதிரே இருந்ததை நான் பார்க்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்ற அப்பா கடலுக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்துவிட்டார்!

மேஸ்திரிக்குக் கோபம். "முப்பது வருஷமா இப்படித்தான் போடறோம், அங்கங்க ஜல்லி வெச்சுத் தூக்கிக்கலாம்" என்றார். அப்பா குரல் உயர்த்தவில்லை. "அண்ணே, அரை நாள் கூலி நான் தர்றேன். பிளாக் வெச்சுட்டுப் போடுங்க" என்றார். நான் டவுனுக்கு ஓடி கவர் பிளாக் வாங்கி வந்தேன். சன்ஷேடுக்குக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும், ஆட்கள் மிதித்துக் கீழே போயிருந்தது. அதையும் அப்பாவே காட்டித் தூக்கி வைக்கச் சொன்னார். தொங்கும் பலகையில் இழுவிசை மேலேதான் வரும். கம்பி கீழே போனால் அது இருந்தும் பயனில்லை.

கவர் எதற்கு என்று கேட்கலாம். கம்பியைச் சுற்றிப் போதிய காங்கிரீட் இல்லாவிட்டால் ஈரமும் காற்றும் உள்ளே போய்த் துரு பிடிக்கும். எங்கள் ஊர் கடலுக்குப் பக்கம், உப்புக் காற்று வேறு. துரு பிடித்த இரும்பு தான் இருந்த இடத்தைவிட அதிக இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில் காங்கிரீட் பெயர்ந்து விழும். பழைய வீடுகளில் கூரையிலிருந்து பெயர்ந்து கம்பி தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். அப்படி விழுவது வீடு கட்டிய வருடத்தில் அல்ல, பதினைந்து இருபது வருடம் கழித்து, அப்பாவும் அம்மாவும் கீழே கட்டிலில் படுத்திருக்கும் வயதில்!

அதே போலத்தான் தண்ணீரும். காங்கிரீட் சுலபமாக ஓட வேண்டும் என்று குடம் குடமாக ஊற்றுவார்கள். ஒரு மூட்டை சிமெண்டுக்கு, மணலில் உள்ள ஈரத்தையும் சேர்த்து, 27 லிட்டர் சுமாருக்கு மேல் போகக் கூடாது. போட்ட பிறகு மட்டும் தாராளமாக ஊற்றுங்கள். கலப்புச் சிமெண்டு என்றால் குறைந்தது 10 நாள், வெயில் காலத்தில் 14 நாள் நனைக்க வேண்டும். இதற்குப் பணம் வேண்டாம், பாத்தி கட்டித் தண்ணீர் ஊற்ற ஆள் இருந்தால் போதும். அம்மா 14 நாளும் ஊற்றினாள்.

முடிவாக

வீடு இன்னும் முடியவில்லை. உள்பூச்சு முடிந்திருக்கிறது. வெளிப்பூச்சும் கதவும் டைல்ஸும் பாக்கி. கையில் இருந்த பணம் அத்தோடு தீர்ந்தது. கடன் வாங்கி முடித்துவிட்டு உடனே வந்துவிடுங்கள் என்று அம்மா சொல்கிறாள். "கடனோட வந்து உக்கார்றதுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருந்துட்டே வர்றேன்" என்கிறார் அப்பா. யார் சொல்வது சரி என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. எனக்கு வேலை கிடைத்தால் இரண்டு வருடத்தை ஒன்றாக்கலாம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். அறுபதாயிரம் ரூபாயும் அப்போது போகாமல் இருந்திருந்தால் கதவு வேலையாவது முடிந்திருக்கும்.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். நம் அப்பாமார்கள் துபாயிலும் மலேசியாவிலும் சவூதியிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். அவர்கள் அனுப்பும் பணத்தை எண்ணத் தெரிந்தால் மட்டும் போதாது. அந்தப் பணம் போய்ச் சேரும் காகிதத்தை ஒரு வரி விடாமல் படியுங்கள். மனையின் நாலு பக்கத்தோடு மூலைவிட்டத்தையும் அளந்து பாருங்கள். புரியாததை ஆசிரியரிடம் கேளுங்கள். கூடவே, படிக்காதவர் என்று அப்பாவை ஒதுக்காமல், கட்டடம் எழும்பும்போது போனை அவர் பக்கம் திருப்பிப் பிடியுங்கள். நமக்குத் தெரியாதது அவர் கண்ணுக்குத் தெரியும்.